மில் நகரின் கைஜாடை

எங்கள் நகரில் நான் வீடு கட்டிக் குடிவந்த புதிதில், எதிரே வீடு கட்டிக்கொண்டிருந்த வாத்தியார் என்னையும் என் மனைவியையும் வாய் பேச முடியாதவர்கள் என்று நினைத்துவிட்டார். அவர்மேல் தப்பில்லை. நான் மொட்டை மாடியில் நின்றுகொண்டு வாசலில் இருக்கும் மனைவியிடம் கையாலேயே பேசுவதை அவர் தினமும் பார்த்திருக்கிறார். தொட்டி நிறைந்துவிட்டது, மோட்டாரை நிறுத்து. மீன்காரம்மா வருகிறார், கூப்பிடு. எனக்குப் பசிக்கிறது. எல்லாம் கையால்தான்.

அவர் வீடு முடிந்ததும் ஒருநாள் எங்கள் வாசலுக்கு வந்தார். உதட்டை நன்றாக விரித்து, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, "எங்க... வீட்டுல... கிரகப்பிரவேசம்..." என்றார். சாப்பாடு உண்டு என்று வயிற்றைத் தொட்டும் காட்டினார்.

"அதுக்கென்ன சார், வந்துட்டாப் போச்சு. பால் காய்ச்சறது எத்தனை மணிக்கு? உங்க வீட்டு டீச்சரம்மா எங்க, அங்க வேலையா? பந்தல்காரன் சொன்னபடி வந்துட்டானா?" என்று என் மனைவி மூச்சுவிடாமல் கேட்டாள்.

வாத்தியார் ஓரடி பின்னால் போனார். "நீங்க பேசுவீங்களா!"

"நான் பேசுவேன் சார். இவங்கதான் பேச மாட்டாங்க."

"ஐயோ பாவம். பொறந்ததுலேர்ந்தேவா?"

"பாவமெல்லாம் இல்ல சார். கூச்சம்."

காரைக்காலில் அரசலாற்றுக் கரையில் நூல் மில் இருந்த இடம்தான் இன்று எங்கள் நகர். நான் ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். மீசை முளைத்த வயதில் அந்த மில்லில் சேர்ந்தேன். மில்லுக்குள் மிஷின் ஓட ஆரம்பித்துவிட்டால், பக்கத்தில் நிற்பவன் காதில் வாயை வைத்துக் கத்தினாலும் கேட்காது. அதனால் அங்கே வேலை செய்த எல்லோருக்கும் கைஜாடை தெரியும். மீசையை முறுக்கினால் மேஸ்திரி வருகிறார் என்று அர்த்தம். மூக்குத்தி குத்தும் இடத்தைத் தொட்டால் பெண். விரலைக் காற்றில் வட்டமாகச் சுற்றினால் வேலை. கையைத் தோளுக்குப் பின்னால் வீசினால் எப்போதோ நடந்து முடிந்தது. அறுந்த நூலை ஒட்டுவதுபோல் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துத் திருகினால் சரி, சம்மதம். அதே இரண்டு விரலையும் பட்டென்று விரித்தால் இல்லை, முடியாது. இதற்கு மரியாதையும் உண்டு. பெரியவர்களிடம் பேசும்போது இடது கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, வலது கையால் மட்டும் பேச வேண்டும்.

எனக்கு அந்தச் சத்தம் பிடித்திருந்தது. வெளியே நாலு பேர் இருந்தால் எனக்குப் பேச்சு வராது. பஸ்ஸில் டிக்கெட் கேட்கக்கூட எனக்குப் பின்னால் இருப்பவர் முதலில் கேட்கட்டும் என்று காத்திருப்பேன். மில்லுக்குள் போய்விட்டால் நான் வாயாடி. கையால் ஜோக் அடித்து ஒரு வரிசையையே சிரிக்க வைத்திருக்கிறேன். நூலைச் சுற்றிக் கண்டாக எடுக்கும் ரீலிங் பகுதியில் பெண்கள் வேலை செய்தார்கள். அங்கே இருந்த ஒருத்தியிடம் என்னைக் கட்டிக்கொள்கிறாயா என்று கேட்டதும் கையால்தான். அவள் இரண்டு விரலைச் சேர்த்துத் திருகினாள். இடது கையை நெஞ்சில் வைக்கவில்லை. இன்றுவரை வைத்ததில்லை.

பிறகு மில் நின்றது. சில வருஷம் பூட்டியே கிடந்தது. அப்புறம் மிஷின்களை ஏற்றிக்கொண்டு போனார்கள், கட்டடத்தை இடித்தார்கள், ஆற்றங்கரை வரைக்கும் கல் நட்டு மனை போட்டார்கள். மில்லிலிருந்து கடைசியாக வந்த பணத்தை நான் அதே இடத்தில் ஒரு மனையில் போட்டேன். என் மச்சினன் தலையில் அடித்துக்கொண்டான். "வேல போன எடத்துலயே போயி மாமா வீடு கட்டுறாரு பாருக்கா. மிஷினு திரும்பி வரும்னு காத்திருக்காரு போல" என்றான். எனக்கு அந்த மண் தெரியும். மழைக்காலத்தில் ஆறு எவ்வளவு ஏறினாலும் பஞ்சு குடோனுக்குள் தண்ணீர் வந்ததில்லை. என் வீடு குடோன் இருந்த இடத்தில் நிற்கிறது. அஸ்திவாரம் தோண்டியபோது மண்ணுக்கடியில் கருத்துப்போன பஞ்சு பாய்பாயாக வந்தது. "என்னண்ணே, மெத்தைமேல வீடு கட்டுறீங்க?" என்று கொத்தனார் சிரித்தார்.

இன்று வந்து பாருங்கள். தெருவுக்குத் தெரு வேப்பங்கன்று, புங்கங்கன்று. மில்லுக்கு ஆற்றுத் தண்ணீர் ஏற்றிய பம்பு ரூமை மட்டும் இடிக்காமல் விட்டோம். அதில் பிள்ளைகள் கேரம் விளையாடுகிறார்கள். ஆற்றின் கரைமேல் காலையில் நடக்க டவுனிலிருந்தே ஆட்கள் வருகிறார்கள். வாத்தியார்கள், வங்கியில் இருப்பவர்கள், வெளிநாட்டில் சம்பாதித்துத் திரும்பிய ஒரு பாய் குடும்பம், திருவேட்டக்குடியிலிருந்து வந்து ஐஸ் வியாபாரம் செய்யும் ஒருவர், எங்களைப் போல மில்லில் இருந்த சில குடும்பங்கள் என்று எல்லோரும் இருக்கிறோம். போர்டில் நகருக்கு வேறு பெயர் எழுதியிருக்கிறது. பஸ்காரர்கள் மட்டும் இன்னும் "மில்லு ஸ்டாப்பு எறங்கு" என்றுதான் கத்துகிறார்கள். அதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

கைஜாடையும் எங்களோடு குடிவந்துவிட்டது. முதலில் வாத்தியார் வீட்டில் கற்றுக்கொண்டார்கள், எங்களை ஊமை என்று நினைத்த வெட்கத்தில் என்று நினைக்கிறேன். அப்புறம் மற்ற வீடுகளிலும் பரவியது. கரையில் கிரிக்கெட் ஆடும் பையன்களை அம்மாமார்கள் மாடியிலிருந்து கையாலேயே வீட்டுப்பாடத்துக்குக் கூப்பிடுவார்கள். நகர் சங்கக் கூட்டத்தில் செயலாளர் நீட்டி முழக்கிப் பேசும்போது பின்வரிசையில் இருந்து ஒருவர் மீசையை முறுக்குவார், மொத்த வரிசையும் குனிந்து சிரிக்கும். இது நாங்கள் கொடுத்தது. மில்லில் கற்ற வேறெதுவும் இங்கே யாருக்கும் தேவைப்படவில்லை, இது தேவைப்பட்டது.

என் மகள் பேசப் பழகும் முன்பே கையை ஆட்டப் பழகியவள். படித்து, டவுனில் ஒரு ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்யும் வேலையில் இருக்கிறாள். எங்கள் குடும்பத்தில் வெள்ளைக் கோட்டு போட்ட முதல் ஆள். அவளுக்கு அம்பகரத்தூரிலிருந்து ஒரு இடம் வந்தது. விவசாயக் குடும்பம், பையனுக்கு அரசு அலுவலகத்தில் வேலை. போட்டோ பார்த்ததில் அவளுக்கும் பிடித்திருந்தது. பெண் பார்க்க வருவதற்கு முதல் நாள் அவள் என்னிடம் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, கல்யாணத்துக்கு அப்புறமும் நான் வேலைக்குப் போவேன். அதுக்கு ஒத்துக்கிட்டாதான் இந்த எடம். இல்லன்னா வேணாம். நீங்க கேட்டுடணும்."

"அம்மா கேக்கட்டுமே."

"அம்மா கேட்டா சண்டை போடுற மாதிரி இருக்கும். நீங்க கேளுங்க."

"கேக்குறேன்."

"வாயால கேக்கணும்ப்பா" என்றாள். என்னை நன்றாகத் தெரிந்தவள்.

மறுநாள் காலையில் கரைமேல் நடந்துகொண்டே அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். எதிரே வந்த ஐஸ் வியாபாரி, நான் போனில் பேசுகிறேன் என்று நினைத்து, அப்புறம் பேசுகிறேன் என்று கையைக் காட்டிவிட்டு ஒதுங்கிப் போனார்.

வந்தவர்கள் நாலு பேர். பையன், அவன் அப்பா, அம்மா, தாய்மாமன். மாமன் வெள்ளை வேட்டி, பெரிய மீசை, அதைவிடப் பெரிய வயிறு. நடு நாற்காலியில் அடுக்களைக்கு முதுகைக் காட்டி அவர் உட்கார்ந்தார். அப்பா அவருக்குப் பக்கத்தில். பையனும் அம்மாவும் சுவரோரமாக சோபாவில். அந்தம்மா வந்ததிலிருந்து எதுவும் பேசவில்லை. ஜன்னல் வழியாகத் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். வீடு அவருக்குப் பிடிக்கவில்லையோ என்று எனக்குக் கவலையாக இருந்தது.

"மில்லு இருந்த எடந்தானே இது?" என்று ஆரம்பித்தார் மாமன். "மனை போட்டப்பவே எங்கிட்ட யோசனை கேட்ட ஒருத்தர்கிட்ட வேணாம்னுட்டேன். பஞ்சு பறந்த எடம், குடும்பம் குடியிருக்க ஆவுமான்னேன்." வீட்டைச் சுற்றிப் பார்த்தார். "பரவாயில்ல. நல்லாத்தான் இருக்கு."

பிறகு நேரே விஷயத்துக்கு வந்தார். "பையன் சம்பாதிக்கிறான். வயலு இருக்கு. பொண்ணு வேலைக்குன்னு அலையணும்னு அவசியமே இல்ல. அங்கேருந்து பஸ்ஸ புடிச்சு இங்க வந்து, திரும்பிப் போயி, எதுக்கு? என்ன சொல்றீங்க?"

என்னைத்தான் கேட்டார். காலையிலிருந்து சொல்லிப் பார்த்த வாக்கியத்தைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"காபி சாப்புடுங்க" என்றேன்.

மகள் காபி கொடுத்துவிட்டு அடுக்களை வாசலில் அவள் அம்மாவுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். மாமனுடைய தலைக்கு மேலே அவள் கை தெரிந்தது. கேளுங்கப்பா என்றது. நான் மடியில் கையை வைத்துக்கொண்டு, இரு என்றேன். என் மனைவியின் கை வந்தது: நீங்க கேக்க மாட்டீங்க, எனக்குத் தெரியும். நீ கேள் என்றேன். நான் கேட்டால் வாயாடி வீடு என்பார்கள் என்றாள். மாப்பிள்ளை வீட்டில் யாருக்குத் தெரியப்போகிறது என்ற தைரியத்தில் மூன்று பேரும் நடுக்கூடத்தில் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்.

"என்னங்க, கையில அரிப்பா?" என்றார் மாமன்.

"இல்லங்க."

"வேப்பெண்ண தடவுங்க."

அவருக்குப் பின்னால் என் மனைவி மீசையை இரண்டு பக்கமும் நீளமாக முறுக்கி, வயிற்றைப் பானைபோல வரைந்து, கையை வாசல் பக்கம் வீசினாள். இந்த மேஸ்திரி எழுந்து போனால்தான் இங்கே வேலை ஓடும் என்று அர்த்தம்.

பக்கத்தில் களுக்கென்று ஒரு சத்தம். மாப்பிள்ளையின் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"எதுக்கு சிரிக்கிற?" என்றார் மாமன்.

"ஒண்ணுமில்லண்ணே."

அந்தம்மா காபி டம்ளரைக் கீழே வைத்தார். என்னை நேராகப் பார்த்தார். இடது கையை எடுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

அப்போதே எனக்கு விளங்கிவிட்டது. விளங்கியதும் வேர்த்துவிட்டது. அவருடைய வலது கை மூக்குத்தியைத் தொட்டு, என் மகளைக் காட்டி, விரலைக் காற்றில் சுற்றி, கடைசியில் நூலை ஒட்டியது. பெண் வேலைக்குப் போகட்டும், சம்மதம். அப்புறம் தன்னையே காட்டி, மறுபடியும் விரலைச் சுற்றி, கையைத் தோளுக்குப் பின்னால் வீசினார். நானும் ஒரு காலத்தில் சுற்றினவள்தான்.

அடுக்களை வாசலில் என் மனைவி வாயைத் திறந்தபடி நின்றாள். மீசையும் வயிறும் வரைந்த கை அந்தரத்தில் அப்படியே இருந்தது. அப்புறம் வேகமாக வெளியே வந்தாள்.

"அக்கா, நீங்க ரீலிங்கா?"

"ஆமா. இங்கதான். கல்யாணத்துக்கு முன்னாடி. நீங்கல்லாம் அப்புறம் வந்திருப்பீங்க."

"நான் இவங்கள ஒண்ணும்..." என்று மாமனைப் பார்த்து என் மனைவி தடுமாறினாள்.

"சரியாத்தான் சொன்னீங்க" என்றார் அந்தம்மா.

"என்ன சொன்னாங்க? யாரு சொன்னா? இப்ப எதுக்கு அந்த மில்லுக் கதை?" என்று மாமன் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

"கதை இல்லண்ணே, வேலை. கல்யாணம் பேசியாச்சு, இனிமே மில்லுக்குப் போவக் கூடாதுன்னு நீதான் கேட்டுல வந்து நின்னு கூட்டிட்டுப் போன. நான் ஒண்ணும் சொல்லல. அன்னைக்கு எனக்கு வாய் வரல. இந்தப் பொண்ண அப்படி நிறுத்த வேணாம்."

அடுத்துப் பேசியவர் மாப்பிள்ளையின் அப்பா. அதுவரைக்கும் அவரும் என்னைப் போலத்தான் உட்கார்ந்திருந்தார். "இவ மில்லுல இருந்தவன்னு எனக்குத் தெரியுமுங்க. நான் வயல்ல டிராக்டர் ஓட்டையில வரப்புல நின்னு கையாலதான் சோத்துக்குக் கூப்புடுவா. பக்கத்து வயல்காரன், என்னய்யா ஒம் பொண்டாட்டி கொக்கு வெரட்டுறாளான்னு கேப்பான்."

என் மகள் பையனைப் பார்த்தாள். அவன் காபி டம்ளருக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தான். காது சிவந்திருந்தது.

"தம்பி, அப்ப நீங்களும் பாத்தீங்களா?" என்று என் மனைவி மெதுவாகக் கேட்டாள்.

"மீசையிலேருந்து பாத்தேங்க" என்றான்.

மகள் அடுக்களைக்குள் ஓடிவிட்டாள். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது.

மாமன் மட்டும் விடவில்லை. அவருக்கும் கொஞ்சம் சங்கடமாக இருந்திருக்க வேண்டும். "எல்லாரும் பேசியாச்சு. பொண்ணப் பெத்தவரு இன்னும் வாயத் தொறக்கல. அவரு சொல்லட்டும். அவரு சொன்னா நான் கேக்குறேன்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அடுக்களை வாசலில் மகளுடைய முகம் மறுபடியும் தெரிந்தது. கை தெரியவில்லை. பின்னால் கட்டிக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை அவள் எனக்கு ஜாடை காட்டப் போவதில்லை.

"எம் பொண்ணு வேலைக்குப் போவா. அதுக்கு ஒத்துக்கிட்டாதான் மேற்கொண்டு பேசணுமுங்க" என்றேன்.

எவ்வளவு சத்தமாகச் சொல்ல வேண்டும் என்று எனக்கு அளவு தெரியவில்லை. எதிர்வீட்டு வாத்தியார் கேட்டைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"அதுக்கு ஏன்யா கத்துறீங்க? போவட்டும், நல்லாப் போவட்டும்" என்றார் மாமன். பிறகு டம்ளரை நீட்டி, "காபி நல்லாருந்துச்சு. இன்னும் கொஞ்சம் இருக்கா?" என்றார்.

பூ வைத்து முடித்ததும் மாப்பிள்ளையின் அம்மா என்னிடம் ஒன்று கேட்டார். ரீலிங் எங்கே இருந்தது என்று பார்க்க வேண்டும். நான் ஜன்னல் வழியாக எதிர்வீட்டைக் காட்டினேன். அந்த வரிசை முழுவதும் ரீலிங்தான். அவர் எழுந்துவிட்டார். நாங்களும் கூடப் போனோம்.

வாத்தியார் வீட்டு அடுக்களையில் டீச்சர் கிரைண்டரில் மாவு ஆட்டிக்கொண்டிருந்தார். கடகடவென்று சத்தம். நாங்கள் கூப்பிட்டது அவருக்குக் கேட்கவில்லை. நிழல் விழுந்ததும் திரும்பினார். வலது கையெல்லாம் மாவு. புது ஆளைப் பார்த்ததும், இடது கையை நெஞ்சில் வைத்து, மாவுக் கையாலேயே, வாங்க, உட்காருங்க, காபி சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார்.

மாப்பிள்ளையின் அம்மா அப்படியே நின்றுவிட்டார்.

"இவங்களும் மில்லா?" என்று என் மனைவியின் காதில் கேட்டார்.

"இல்லக்கா. பள்ளிக்கூட டீச்சரு. இந்த நகர்க்காரங்க, அதான்."

அந்த அம்மாவின் முகத்தை நான் பார்த்தேன். என் வீட்டை, தரையில் போட்ட டைல்ஸை, மாடியை எல்லாம் அவர் பார்த்தபோது எனக்கு வராத பெருமை அப்போது வந்தது. அவர் ஜன்னலோரம் போய் நின்றார். கீழே அரசலாறு போய்க்கொண்டிருந்தது.

"எம் மிஷினு இந்த ஓரத்துலதான். அப்பவும் ஜன்னல் உண்டு. பஞ்சு அடைச்சிக்கிட்டு ஒண்ணும் தெரியாது. அந்தப் பக்கம் ஆறு ஓடுதுன்னு சொல்லுவாங்க" என்றார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இப்ப நல்லாத் தெரியுது."

டீச்சர் கிரைண்டரை நிறுத்தப் போனார். ஓடட்டும் என்று அந்தம்மா கையைக் காட்டினார்.

கல்யாணத்தன்று மேளச் சத்தத்தில் மண்டபமே ஒருவர் காதில் ஒருவர் கத்திக்கொண்டிருந்தது. எங்கள் நகர்க்காரர்கள் மட்டும் இருந்த இடத்திலிருந்தே எல்லா வேலையையும் முடித்தார்கள். பந்தியில் சாம்பார் தீர்ந்த செய்தி சமையல்கட்டுக்கு மூன்று பேர் கை மாறிப் போனது. மாமன் நடுவில் நின்று பார்த்துவிட்டு, "எனக்கும் ஒண்ணு ரெண்டு கத்துக் குடுங்கய்யா. என்னையப் பத்தி என்ன பேசுறீங்கன்னாவது தெரியட்டும்" என்றார்.

இப்போது காலையில் நான் பால் வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் நிற்பேன். அம்பகரத்தூர் பஸ் கூட்டமாக வரும். உள்ளே பாட்டு அலறும், டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுக்க மாட்டார். "மில்லு ஸ்டாப்பு" என்று கண்டக்டர் கத்துவது எனக்கே அரைகுறையாகத்தான் கேட்கும். ஜன்னலில் என் மகளின் கை தெரியும். மடியில் வெள்ளைக் கோட்டு மடித்து வைத்திருப்பாள். சாப்பிட்டீர்களா என்று கேட்பாள். அம்மா திட்டினாளா என்று கேட்பாள். பஸ் கிளம்பும்போது காற்றில் விரலைச் சுற்றுவாள், வேலைக்குப் போகிறேன் என்று.

நான் பால் பையை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு இரண்டு விரலைச் சேர்த்துத் திருகுவேன்.